வலியின் இடமும் காரணத்தின் இடமும்

வலிக்கும் இடத்திலேயே வலியின் காரணமும் இருக்க வேண்டுமா? நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், ஆண் வாலிபால் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் வலி இருந்தது. 2011இல் வெளியான சுவீடன் ஆய்வு, கணுக்கால் போதிய அளவு மடங்காத இளம் கூடைப்பந்து வீரர்களுக்கே ஓராண்டுக்குள் இவ்வலி அதிகம் வந்ததாகக் காட்டியது. தாவி இறங்கும்போது கணுக்காலும் இடுப்பும் தம் பங்கு விசையை ஏற்காவிட்டால், அது முழங்காலின் தலையில் விழுகிறது. ஒரு விளைவுக்குக் காரணங்கள் பல: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் பிரித்தறியும். இங்கே தசைநாண் முதற்காரணம். இடுப்பும் கணுக்காலும் துணைக்காரணம். ஓயாத தாவல் நிமித்தகாரணம்.

கணுக்கால் இறுகிய எல்லோருக்கும் வலி வருவதில்லையே என்று மறுக்கலாம். உண்மைதான், துணைக்காரணம் தனித்து நின்று எதையும் விளைவிப்பதில்லை. வலி வந்தபின் நடை மாறியதால் இடுப்பு தளர்ந்திருக்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. இடுப்பைப் பொறுத்தவரை அதை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் சுவீடன் ஆய்வு வலி வருமுன்பே கணுக்காலை அளந்தது. ஆகவே தசைநாணுக்குப் படிப்படியாகச் சுமை பழக்குவதும் வேண்டும், இடுப்பையும் கணுக்காலையும் திருத்துவதும் வேண்டும். ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவது மருத்துவப் பிழை மட்டுமல்ல, தருக்கப் பிழையும்கூட.