பன்னிரு குட்டிகளுக்கு ஒரு தாய்

பன்றி வளர்க்க வரும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது சீம்பாலைப் பற்றி. சினைக்காலம் 114 நாள், ஈற்று, பால் மறக்கடிப்பது, காயடிப்பது எல்லாம் பிறகு வரட்டும். பன்றிக்குட்டி ஒன்றுமில்லாமல் பிறக்கிறது. நோயை எதிர்க்கும் சக்தி நச்சுக்கொடி வழியாக அதற்கு வருவதில்லை. உடம்பில் கொழுப்பும் இரும்புச்சத்தும் சொற்பம். முதல் 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் அதற்கு உயிர்க்காப்பு. அதன்பின் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உள்ளே விடாது. மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு இரும்பு மண்ணிலேயே கிடைத்துவிடும். சிமெண்டுத் தரையில் பிறந்ததற்கு மூன்றாம் நாள் வாக்கில் ஊசி போட்டாக வேண்டும்.

வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஈன்ன கையோட தாய் செத்துப்போனா என்ன செய்யறது டாக்டரம்மா?"

மாற்றுத்தாயிடம் விட வேண்டும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஈன்ற பன்றியாக இருக்க வேண்டும், அதற்குக் குட்டிகளைவிடக் காம்புகள் கூடுதலாக இருக்க வேண்டும். பிறந்த சில நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை விட்டுக்கொடுக்காது. பால் ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை இறங்கும், அதுவும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். தாய் உறுமிக் கூப்பிடும் அந்த நேரத்தில் காம்பில் வாய் வைக்காத குட்டிக்கு அடுத்த மணி வரை பட்டினி. வாசனை ஒத்துவரவில்லை என்றால் புதுத்தாய் குட்டியைக் கடித்துக் குதறவும் செய்யும்.

திருவிளையாடற் புராணத்தின் 45ஆம் படலத்தில் இதே கேள்விதான் இருக்கிறது. சுகலன், சுகலை என்ற தம்பதியின் பன்னிரண்டு பிள்ளைகள் குருவை அவமதித்துச் சாபம் பெற்றுப் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியன் வேட்டைக்கு வருகிறான். தாயும் தந்தையும் செத்து விழ, பால்குடி மறவாத குட்டிகள் காட்டில் கதறுகின்றன. சொக்கநாதர் தாய்ப்பன்றியாகவே வந்து முலை கொடுக்கிறார். நல்ல தாய்ப்பன்றிக்குப் பன்னிரண்டு, பதினான்கு காம்புகள் இருக்கும். பாடிய பரஞ்சோதி முனிவர் கொட்டிலை நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

எல்லாம் வல்லவனுக்குப் பசியைப் போக்க ஒரு நினைப்புப் போதாதா? பன்றியின் உடம்பு எதற்கு? சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் கேட்டபோது, "அவ்வளவு எளிமையானவர், அவ்வளவு கீழே இறங்கி வந்தார்" என்றார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் பன்றி கீழே கிடக்கிறது என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சைவ சித்தாந்தம் சொல்வது வேறு. இறைவனுக்கென்று உருவம் கிடையாது. உயிர்களுக்காக அருளையே திருமேனியாகக் கொள்கிறான். அப்படியானால் அந்த மேனி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? பசித்த உயிர்தான். குட்டிக்கு வேண்டியது பன்றிப்பால், பன்றியின் சூடு, பன்றியின் உறுமல். கொடுப்பவரின் கௌரவத்துக்கு அங்கே வேலையில்லை.

திருச்சியில் ஈசன் பேறுகாலம் பார்க்கத் தாயாக வந்த கதையை நம் வீடுகளில் கண் கலங்கச் சொல்வார்கள். தாயுமானவர் என்று பெயர் சூட்டி மலைமேல் வைத்துக் கும்பிடுகிறோம். பன்றியாக வந்த தாயை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் திருவிளையாடல்களை நாளுக்கு ஒன்றாக அலங்காரம் செய்து காட்டுவார்கள். தொடக்கம் கருங்குருவிக்கு உபதேசம், அடுத்தது நாரைக்கு முக்தி. நூலில் அவை 47, 48ஆம் படலங்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் இரண்டு பன்றிப் படலங்களும் அந்த வரிசையில் இல்லை. இதற்கு என்ன காரணம் இருந்தாலும் எனக்கு வருத்தம்தான்.

அசுத்தம் என்பார்கள். இடம் கொடுத்தால் பன்றி படுக்கும் இடத்தை விட்டு ஒரு மூலையில்தான் சாணம் போடும். வியர்த்து உடம்பைக் குளிர்த்திக்கொள்ள அதனால் முடியாது, அதனால்தான் சேறு தேடுகிறது. நாடாப்புழுவின் முட்டை மனித மலத்திலிருந்துதான் பன்றிக்குள் போகிறது. நாம் திறந்தவெளியில் விட்டதை அது தின்றது. அந்த நாற்றத்துக்கு அதன் பெயரை வைத்தோம், அதை மேய்த்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். பாவக் கணக்கு என்று ஒன்று இருக்குமானால் இது யார் பெயரில் எழுதப்படும்?

அடுத்த படலம் இன்னும் அழகு. பால் குடித்த பன்னிருவரும் மனித உடல் பெறுகிறார்கள், முகம் மட்டும் பன்றி முகமாகவே இருக்கிறது. பாண்டியன் கனவில் தோன்றி, இவர்களை மந்திரிகளாக்கு என்கிறார் ஈசன். முகத்தையும் மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. அந்த முகத்தோடு அரசவையில் உட்காரட்டும், அரசன் அந்த முகத்தைப் பார்த்து ஆலோசனை கேட்கட்டும் என்று விட்டார். இந்த இடத்தை யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இதுதான் கதையின் உயிர்.

இவ்வளவும் பேசிவிட்டு, இந்தத் தொழில் எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வெண்பன்றி எட்டு, பத்து மாதத்தில் கறிக்குப் போகும். சில ஈற்றுக்குப் பிறகு தாயையும் கழித்துவிடுவோம். கழித்தல் பாடத்தை நடத்தும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு மனம் கனக்கும். கொட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி நேராகவே கேட்டான்: "பன்னியா வந்த சாமியக் கும்பிட்டுட்டு, அதையே எடை போட்டு விக்கலாமா டாக்டரம்மா?"

சுலபமான பதில்கள் இருக்கின்றன. கண்ணப்பர் படைத்தது பன்றிக்கறிதானே என்று சொல்லிவிடலாம். கொல்லாமைதான் அறம், தொழிலை விடு என்றும் சொல்லிவிடலாம். இரண்டையும் நான் சொல்லவில்லை. கதையில் வேட்டையாடிய அரசனைச் சபிக்கவில்லை, வேட்டை நல்லது என்று புகழவும் இல்லை. அம்பு பாய்ந்த பிறகு யார் பசியோடு மிஞ்சியிருக்கிறார்களோ அவர்களிடம்தான் ஈசன் போய் நிற்கிறார். நான் நம்புவது அவ்வளவுதான். கொல்வது சரியா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை, இருப்பதாக நடிக்கவும் எனக்கு மனம் வராது. பன்றி உயிரோடு இருக்கும் மாதங்களில் அதற்கு நாம் பட்ட கடன் என்ன என்பதற்குப் பதில் இருக்கிறது.

அவன் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். ஈனும் அறையில் சுவரோரம் காப்புக் கம்பி இல்லை. தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது இடையில் மாட்டிய குட்டிகள் நசுங்கிச் சாகும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி என்று அளந்து காட்டி, கூரை வேலையை நிறுத்திவிட்டு இதை முதலில் போடு தம்பி என்றேன். சினைப்பன்றிக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது.