பொறுத்துக்கொள்ளச் சொல்லும் முன்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி வீட்டில், ரேழியை ஒட்டிய அறையில் என் அத்தையின் கட்டில் கிடந்தது. கர்ப்பப்பைவாய்ப் புற்று முதுகெலும்புக்குப் பரவிய பிறகு அவர் அதிலிருந்து இறங்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் வலி கூடும். அழமாட்டார். பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வார். பார்க்க வந்த எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "பெருமாளை நெனச்சுண்டு பொறுத்துக்கோங்கோ." நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடு திருச்சியில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். பெயரைப் படித்ததும் சீட்டைத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "சார், இது அபின், கஞ்சா கேஸ்ல வர்ற மருந்து. வெச்சிருந்தா எங்களுக்குத்தான் வம்பு" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. பயந்தவர் அவர் ஒருவரா என்ன? பத்தொன்பது நாள் அலைந்த பிறகே, அந்த மருந்தை வைத்திருக்க அனுமதி பெற்ற ஓர் இடத்தில் கிடைத்தது.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கடத்துகிறவர்களை நினைத்து எழுதப்பட்டது. குறைந்தது பத்தாண்டுச் சிறை என்ற தண்டனைகள் அதில் இருந்தன. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அதன் 8-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. ஆனால் நடைமுறை விதிகளை மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறாக வகுத்தார்கள். ஒரே சரக்குக்குப் பல துறைகளின் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருத்துவமனைகள் மெல்ல மெல்ல அந்த மருந்தையே கைவிட்டன. 1997-ல் இந்தியா முழுவதும் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த மார்ஃபின் வெறும் 18 கிலோ. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு மார்ஃபின் தரும் அபினிச் செடி பயிரிட்டு, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் நடத்தும் நாடு இது. நம் வயலில் விளைந்த மருந்து நம் கட்டிலுக்கு வரவில்லை.

கேரளத்தின் நோய்த் தணிப்பு மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் அரசின் கதவைத் தட்டியதால்தான் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற வகைக்குள் வந்தன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்றானது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், நோய்த் தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சட்டம் இறங்கிவந்துவிட்டது. நம் மனம்தான் இன்னும் 1985-லேயே நிற்கிறது.

மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம், பழகிவிட்டால் விடாது என்று இன்றும் சொல்கிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்து வாய்வழியாகக் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். எங்கள் அத்தை முதல் நாள் இரவே தூங்கினார். விடியற்காலை விஸ்வரூப சேவைக்குக் கோயில் யானை போகும் நேரத்தில் கண் விழித்து, "தலை வாரிவிடறயாடா?" என்று கேட்டார். வலி தின்ற அந்த மாதங்களில் அவர் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது.

மருந்தையும் போதையையும் ஒன்றாகப் பார்க்கிற இதே பயத்தால்தான் கஞ்சாவைப் பற்றியும் இப்போது நாம் பேச வேண்டியிருக்கிறது. 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷானஸி, வலிப்பு கண்ட 40 நாள் குழந்தைக்கு அந்தச் செடியின் சாரத்தைக் கொடுத்து, வலிப்பு தணிந்ததைப் பதிவு செய்தார். அதே செடியிலிருந்து பிரித்த கன்னாபிடயால் என்னும் போதையூட்டாத மருந்தை, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018-ல் ஏற்றது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது; ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்தவற்றில் இந்தியாவும் உண்டு. நம் மருந்துச் சட்ட விதிகளில், மேற்பார்வையோடு மட்டுமே கொடுக்க வேண்டிய சித்த மருந்துச் சரக்குகளின் பட்டியலில் கஞ்சாவின் பெயர் இருக்கிறது. 1985 சட்டம் பூ நுனியோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. இலைச்சாற்றில் செய்த மருந்துகளைச் சில நிறுவனங்கள் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கவும் செய்கின்றன.

கஞ்சா சர்வரோக நிவாரணி அன்று. புற்றின் வலிக்கு மார்ஃபின் அளவுக்கு இதற்குச் சான்று இல்லை. கீமோ வாந்திக்கும், தண்டுவட மரப்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும், சில வலிப்புகளுக்கும் பயன் தெரிந்திருக்கிறது. எனவே நான் கேட்பது இவ்வளவுதான்: அளவு தெரிந்த, தரம் சோதித்த மருந்து, மருத்துவர் கையெழுத்தில், கணக்கோடு நோயாளிக்குக் கிடைக்கட்டும். கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையன்களின் செய்தியைப் படிக்கும் தாயின் நடுக்கம் எனக்கும் உண்டு. என் வீட்டிலும் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கிறான். அந்தத் தெருமுனை வியாபாரத்தை அரசு ஒடுக்கட்டும். ஆனால் அந்த வியாபாரி செய்கிற குற்றத்துக்காக, நாளுக்கு இருபது முறை வெட்டி இழுக்கிற ஒரு குழந்தை தண்டனை அனுபவிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஸ்ரீரங்கத்தில் அரங்கன் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. சிதைந்திருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததையும், அங்கே தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்கு வருகிறவனுக்கு நோய் தீர மருந்தும் வேண்டும் என்று அன்றைக்கு இந்த ஊரில் நினைத்திருக்கிறார்கள். பெருமாளை நினைத்துப் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை.

அத்தை போன பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மீதியிருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வாங்கின இடத்துக்கே போனேன். செவிலியர் மேஜைமேல் கொட்டி எண்ணினார். பதினொன்று. பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கடைசில வலி இல்லாம இருந்தாங்களா?" என்று கேட்டார். இருந்தார் என்றேன்.