சினைமீனும் நம் பங்கும்

அகத்தியர் மலையில் தோன்றிப் பூவாறு என்னுமிடத்தில் கடலைச் சேரும் நெய்யாறு, 56 கிலோமீட்டரே நீளமுடைய சிற்றாறு. எனினும் 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் விளவங்கோடு தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டமையால், நம் போன்ற எல்லைக் குடும்பத்தார்க்கு அவ்வாறு ஓர் உறவினரைப் போன்றது. அதன் குறுக்கே 1958இல் அணை எழுந்தது. அந்நீர்த்தேக்கத்தை அடுத்த மலையோரச் சிற்றூரே அம்பூரி.

இடவப்பாதி மழையின் முதற்பெருக்கில் அவ்வூர்ப்புற ஓடைகளில் மீன் எதிரேறும். கெளுத்தியும் கெண்டையும் ஆழம் விட்டு, வயல்வெளியில் பரவிய புதுநீரை நாடி இரவோடிரவாக ஏறிவரும். அவ்வாழமற்ற நீரில் குஞ்சுகளுக்கு இரை மிகுதி. விழுங்க வரும் பெரிய மீன் குறைவு. இவ்வேற்றத்தை மலையாளத்தார் 'ஊத்த' என்பர். நம் தமிழகத்திலோ 'ஊத்தா' என்பது மீன் கவிழ்க்கும் மூங்கிற்கூடை. ஒரு மொழியார் மீனின் பயணத்தையும் மற்றொரு மொழியார் அதைப் பிடிக்கும் கருவியையும் ஏறத்தாழ ஒரே சொல்லால் குறிப்பது நமக்கு வியப்பாகவே உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம். மழை பிடித்த இரவில் வீட்டுத் தாய்மாமன் கைவிளக்கும் கூடையுமாகப் புறப்பட, நம் பிள்ளைகளும் உடன் ஓடினர். நகரத்து அடுக்ககத்தில் வளரும் பிள்ளைகள் அத்தகைய மகிழ்ச்சியை முன்னர்க் கண்டதில்லை. மறுநாள் காலை அரிவாள்மணை முன் அமர்ந்த அத்தை மீன் வயிற்றைக் கீற, மஞ்சள் நிறச் சினை திரண்டு வெளிவந்தது. "மாமா, இது முட்டை போடத்தானே வந்தது?" என்று சிறுமி வினவினாள். மாமன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நான் விட்டா அடுத்த வீட்டுக்காரன் பிடிப்பான், மக்கா" என்றார்.

அவ்விடையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பிறர் யாவரும் எடுக்கும் பொதுப்பொருளில் ஒருவர் மட்டும் கைகட்டி நின்றால் மீன் பெருகாது. அவர் வீட்டுக் குழம்புதான் குறையும். ஆயினும் அவ்விடைக்குள் ஓர் ஒப்புதல் மறைந்திருப்பதைக் காணலாம். யாவரும் விடுவதாயின் தாமும் விடுவேன் என்பதே அதன் மறுபக்கம். செயல் தவறன்று என்று அவர் கூறவில்லை. தனியே நல்லவனாக இருப்பதன் விலையைக் கூறினார்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளின் கண்மாய் மீன்பிடித் திருவிழாவை நம்மவர் பலர் அறிவர். கோடையில் நீர் வற்றும்வரை எவரும் கண்மாயில் இறங்கார். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும் ஊரே ஊத்தாவுடன் இறங்கும். அடுத்த வீட்டுக்காரன் பிடிப்பான் என்ற அச்சம் அங்கு எழுவதற்கே இடமில்லை. பருவமும் வேறு: வற்றும் குட்டையில் எஞ்சி, எப்படியும் மடியவிருக்கும் மீன் அது. அம்பூரி ஓடையில் ஏறுவதோ அடுத்த ஆண்டின் வித்து.

சட்டமும் இல்லாமல் இல்லை. இனப்பெருக்கத்திற்கு ஏறிவரும் மீனை வழிமறித்துப் பிடிப்பது 2010ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் கூடைக்காரரை மட்டும் நோக்கும்போது நமக்கு ஒரு தயக்கம் எழுகின்றது. மீனின் வழியை முதலில் மறித்தது எது? ஆற்றின் குறுக்கே நிற்கும் அணையன்றோ? கட்லா, ரோகு முதலிய கங்கைச் சமவெளி மீன்கள் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. சுரப்பூசியால் அவற்றைச் சினையிடச் செய்யும் முறையை ஹீராலால் சௌத்ரி 1957இல் கட்டாக்கில் நிறுவிக் காட்டினார். அதன் பயனாகப் பண்ணையில் பொரித்த குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் விடுவது நாடெங்கும் வழக்கமாயிற்று. அம்மீனுக்கு அரசு என்னும் உரிமையாளர் உண்டு, கணக்கேடு உண்டு. ஓடையில் ஏறும் நாட்டுமீனுக்கோ எவரும் இல்லை. மேலும், கடலில் 52 நாள் இழுவலைத் தடையை விசைப்படகுகள் யாவும் ஒருசேர ஏற்கின்றன. ஓடைக்கரையில் அத்தகைய கூட்டுக் கட்டுப்பாடு வாய்ப்பது அரிது.

இன்னொன்றும் கூற வேண்டும். இது நமக்கே கசப்பானது. ஊரைவிட்டு வந்தவர் நாம். குளிர்பெட்டியில் அடுக்கிய மீனை விலை கொடுத்து வாங்குகின்றோம். அது சினையோடு பிடிபட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வாறிருக்க, ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று மாமனுக்கு அறம் உரைக்க நமக்கு என்ன உரிமை? உரிமை இல்லை என்பதால் வினா பொய்யாகிவிடாது என்பதையும் உணர்கின்றோம். ஊர்ச் சோற்றை உண்பவர் அவ்வூரின் நாளைக்கும் கடன்பட்டவரே. இவ்விரண்டுக்கும் இடையே நம் நிலை இன்றளவும் தடுமாற்றம்தான்.

அடுத்த முறை சென்றபோது மழை பிந்திவிட்டது. ஓரிரவு பெய்த மழையில் மாமன் தனியே சென்று நான்கு மீனுடன் திரும்பினார். "எல்லாம் ஆண்மீன்" என்று சிறுமியைப் பார்த்துக் கூறினார். அரிவாள்மணையில் இரண்டு அவ்வாறே இருந்தன. மற்ற இரண்டையும் அத்தை கொல்லைப்புறத்தில் வைத்து நறுக்கினார். சிறுமி உட்பட யாவரும் உண்டோம்.