உயிலங்குளத்துப் பிள்ளைகளே, முன்னுக்கு வாருங்கள்!

பொதுசனத் தொடர்பு அதிகாரி வேலை என்றதும், "அது கொழும்பில் பத்திரிகை, ரேடியோ என்று பரம்பரையாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று பின்வாங்குகிறீர்கள். இந்தப் பின்வாங்கலை இன்றோடு விடுங்கள்!

பரம்பரை உதவும்தான், மறுக்கவில்லை. லண்டனில் 1985இல் சொந்தப் பொதுசனத் தொடர்பு நிறுவனம் தொடங்கிய மத்தியூ பிராய்டின் தந்தை கிளெமென்ட் பிராய்ட், எழுத்தாளர், ஒலிபரப்பாளர். அக்கா எம்மாவும் ஒலிபரப்பாளர். ஆனால் இந்தத் தொழிலுக்கே வழி வெட்டிய ஐவி லீ யார்? அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து மெதடிஸ்த போதகர் ஒருவரின் மகன்! நியூயோர்க்கில் நிருபராக அலைந்து தொழில் படித்தவர். 1906 ஒக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீருக்குள் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விபத்து நடந்தால் மூடி மறைப்பதே அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்த ரயில் கம்பெனிக்கு வேலை செய்த லீ அதை உடைத்தார். நடந்ததைக் கம்பெனியின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே கூட்டிப்போனார். அதே லீ நாஜி ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்துக்கு ஆலோசகராகி, 1934இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் பேர் கெட்டார். அதையும் மறக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஊரைப் பாருங்கள். 2002 போர்நிறுத்தக் காலத்தில் இரு தரப்புப் பகுதிகளுக்கும் நடுவில் சனம் கடந்துபோன வாசல் உயிலங்குளம். அந்தப் பக்கம் ஒரு கதை, இந்தப் பக்கம் ஒரு கதை. இரண்டையும் கேட்டு, எது மெய், எது புளுகு என்று எடைபோட்டுத்தான் உங்கள் தாய் தகப்பன் பிழைத்தார்கள். இதைவிட வேறென்ன ஊடகக் குடும்பம் வேண்டும் உங்களுக்கு!

வேலையும் வாசலுக்கு வந்துவிட்டது. மன்னார்த் தீவில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் சனம் தெருவில் இறங்கியது. கடற்றொழிலாளி கேட்கும் கேள்வியைக் கம்பெனி மேசையில் கூசாமல் வைக்கவும், வரும் பதிலை ஒரு சொல்லும் மறைக்காமல் மன்னார்த் தமிழில் திருப்பிச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கொழும்பிலிருந்து ஏன் வரவேண்டும்?

தங்கச்சி, தம்பி, இந்தத் தொழிலைப் பழக அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு, எந்தத் திகதியில் திறக்கப்படும் என்று கேளுங்கள். அதிகாரி சொன்னதையும் விவசாயி சொன்னதையும் ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் பெயரைக் கீழே போட்டு, அன்று இரவே பத்திரிகைக்கு அனுப்புங்கள்.