ஆறுதல் சொல்லும் முன் காது கொடுப்போம்



சில ஆண்டுகளுக்கு முன் இஷா தொழுகை முடிந்து ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மனசு சரியில்ல, தூக்கமே வரல" என்றார். அவர் முடிக்கும் முன்பே, "ஸப்ரு செய்யுங்க தம்பி, திக்ரை விடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் சொல்ல வந்ததை நான் கேட்கவே இல்லை. சில நாள் கழித்து அவருடைய வாப்பா அழுதுகொண்டு வந்தபோதுதான், அன்று அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வந்திருந்தார் என்பது தெரிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அவர் காப்பாற்றப்பட்டார்.

மனநல ஆலோசனையின் அடிப்படைகள் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இருக்கின்றன. ஒரு வாலிபர் சபைக்கு வந்து விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டார். சூழ இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள், ஏசவில்லை. உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல அவருக்கே தெளிவு பிறந்தது. பிறகு அவர்மீது கை வைத்து துஆ செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

மக்காவில் உத்பா பின் ரபீஆ ஆசை காட்டிப் பேச வந்தபோதும், அவர் முடிக்கும்வரை கேட்டு, முடித்துவிட்டீரா என்று விசாரித்த பின்பே பதில் கூறினார்கள்.

அன்பானவர்களே! நாம் கற்க வேண்டியவை இவைதான். ஒருவர் மனம் திறந்தால் செல்போனை வைத்துவிட்டு உட்காருங்கள். இடைமறிக்காதீர்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றோ, "ஈமான் குறைவு" என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். கேட்டதை அமானிதமாகக் காத்துக்கொள்ளுங்கள்.

நம் எல்லையையும் அறிய வேண்டும். சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். குடும்பத்தாரின் துணையோடு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த நிலையில் மட்டும், உயிரைக் காக்க உரியவரிடம் சொல்வது அமானித மோசடி ஆகாது. அரசின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. துஆவுக்கு அது எதிரானதல்ல.

இந்த வாரம் உங்கள் வீட்டில் அமைதியாகிவிட்ட ஒருவரின் அருகில் போய் உட்காருங்கள். முதலில் கேளுங்கள்.

உடைந்த உள்ளங்களுக்குத் துணை நிற்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.