கூலி: சம்மதமா, உரிமையா?

உழைப்பவனுக்கும் உழைப்பை வாங்குபவனுக்கும் இடையே கைமாறும் கூலியை நியாயமானது என்று எதைக் கொண்டு சொல்வது? இருவரும் ஒப்புக்கொண்ட தொகை என்பதாலா? உழைத்தவனுக்கு உரியது என்பதாலா?

முதலாளித்துவம் முதல் விடையையே பற்றி நிற்கிறது. உழைப்பும் சந்தைக்கு வரும் ஒரு சரக்கே. அதன் விலையைத் தேவையும் வரத்தும் தீர்மானிக்கும் என்பது அதன் கொள்கை. ஆயினும், அக்கொள்கையின் மூலவராகப் போற்றப்படும் ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் உண்மையை மறைக்கவில்லை. கூலித் தகராறு நீடித்தால், முதலாளி கையிருப்பைக் கொண்டு ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பார். தொழிலாளர் பலரோ வேலையின்றி ஒரு வாரம்கூட வாழ இயலாது என்றார் அவர். அவ்வாறாயின், பசித்தவன் தரும் சம்மதம் எத்தகைய சம்மதம்?

இஸ்லாம் ஒப்பந்தத்தை மறுக்கவில்லை. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்கள் எட்டு ஆண்டு ஊழியத்திற்கு உடன்பட்ட வரலாற்றைத் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அங்கே வேலைக்கு அமர்த்தும் பெரியவர், தாம் அவரைச் சிரமத்திற்குள்ளாக்க விரும்பவில்லை என்ற உறுதியையும் சேர்த்தே அளிக்கிறார். வலியவர் தம் வலிமைக்குத் தாமே வரம்பிட்டுக் கொள்ளும் ஒப்பந்தம் அது! கூலி இன்னதென்று பேசாமலே வேலை வாங்கியிருந்தால், அத்தகைய வேலைக்கு வழக்கிலுள்ள கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ‘உஜ்ரத்துல் மித்ல்’ என்பது அதன் பெயர்.

முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவான நபிமொழி எச்சரிக்கிறது. பேரம் பேச வலுவற்றவனின் பக்கம் நிற்பவன் யார் என்பது இதனால் விளங்கும். குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒருவர், வேலையாள் பெறாமற் சென்ற கூலியைப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது அதில் விளைந்த மந்தை முழுவதையும் ஒப்படைத்தார். கொடுபடாத கூலி முதலாளியின் செல்வமன்று, அவரிடமுள்ள அமானிதம்.

‘போட்டி மிகுந்த சந்தையில் கூட்டிக் கொடுத்தால் வியாபாரம் நிலைக்குமா?’ என்று கேட்கலாம். கேள்வி பொய்யன்று, இலாபம் ஹலாலானதே. ஆனால், தாம் உண்பதையே உண்ணக் கொடுக்கவும், சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதிருக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது அடிமைகளின் விஷயத்தில். அடிமைக்கே அவ்வளவு உரிமையெனில், சுதந்திரமான உழைப்பாளிக்கு அதனினும் குறையுமோ?

ரமலானில் அள்ளிக் கொடுக்கும் கரங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். அக்கரங்களே கடைச் சிப்பந்தியின் சம்பளத்தைக் குறைத்தும், வீட்டு வேலைக்காரியின் கூலியை இழுத்தடித்தும் வருமாயின், அந்த தருமத்தின் பொருள் யாது? ஜகாத் நம் பொருளிலிருந்து கொடுப்பது. பிடித்து வைத்த கூலியோ நம் பொருளே அன்று. பிறர் பொருளை எடுத்துத் தருமம் செய்வது தருமமாகாது. கொடைக்குக் கை நீளுமுன், கடன் தீர வேண்டும்.