ஐந்து பூனைகள்

பூனை வளர்ப்பதில் என்ன பாவம் இருக்க முடியும்?

கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே சுமார் 2,000 கி.மீ. தள்ளி, நடுக்கடலில் மரியன் என்றொரு எரிமலைத் தீவு. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தம். 290 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மரம் கிடையாது. 1980-ல்கூட ஒருமுறை நெருப்புக் குழம்பைக் கக்கியிருக்கிறது. ஊர், உறவு, ரேஷன் கடை எதுவும் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் முறை வைத்து வந்துபோகிற சிலரைத் தவிர மனித வாடையே கிடையாது. மற்றபடி பென்குவின், சீல், அப்புறம் மூன்று மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரிக்கிற ஆல்பட்ராஸ்.

1800களின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்காரர்களின் கப்பலில் டிக்கெட் எடுக்காமல் சுண்டெலிகளும் வந்து இறங்கிவிட்டன. 1949-ல் எலித் தொல்லை தாங்காமல் நிலையத்துக்கு ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். நாமும் அதைத்தானே செய்திருப்போம்?

பூனை ஒன்றும் முட்டாள் இல்லை. ஓடி ஒளிகிற எலியைத் துரத்துவதைவிட, பயப்படவே தெரியாத பறவையைப் பிடிப்பது சுலபம். 1977 வாக்கில் ஐந்து பூனை சுமார் 3,400 பூனையாகியிருந்தது. வருஷத்துக்குப் பல லட்சம் கடற்பறவைகள் காலி. பிறகு என்ன, பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸைப் பரப்பினார்கள். பிழைத்ததை ராத்திரியில் விளக்கடித்துச் சுட்டார்கள். பொறி, விஷம் எல்லாம் வைத்தார்கள். 1991-ல் கடைசிப் பூனையும் தீர்ந்தது.

எலிகள் மிச்சம். தீவு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக, அவை பெருகின. வண்டு, புழுவெல்லாம் குறைந்ததும் பறவைகள் மேல் கை வைத்தன. ஆல்பட்ராஸ் குஞ்சை எலி கடிப்பதை 2003-ல் முதன்முதலாகப் பார்த்தார்கள். 2023-ல் வளர்ந்த பறவைகளே செத்துக் கிடந்தன. இருபது கிராம் எலி ராத்திரியில் மேலேறிக் கொறிக்கிறது. அத்தனை பெரிய பறவை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது. தரையிலிருந்து ஆபத்து வரும் என்பது அதன் பரம்பரைக்கே தெரியாது.

இப்போது திட்டம் இதுதான்: ஹெலிகாப்டரில் சுமார் 600 டன் விஷ இரை தூவி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலிகளை ஒன்று விடாமல் கொல்வது. ஒரு ஜோடி தப்பினாலும் போச்சு. அட்லாண்டிக்கில் காஃப் தீவில் 2021-ல் இப்படித் தூவினார்கள்; அந்த டிசம்பரிலேயே ஒரு எலி ஓடிக்கொண்டிருந்தது.

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் முதலில் ஓடும். எலி உலகம் பூரா இருக்கிறது. இந்த ஆல்பட்ராஸோ இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்த இனத்தில் பெரும் பங்கு மரியனையும் பக்கத்துத் தீவையும் நம்பித்தான் இருக்கிறது. ஆகவே பறவைக்கே என் ஓட்டு. ஆனால் கணக்கு இனத்துக்கு. வலி ஒவ்வொரு எலிக்கும் தனித்தனி. அந்த விஷம் உள்ளுக்குள் ரத்தம் கசிய வைத்து, சில நாள் எடுத்துக்கொண்டு கொல்லும். கடன் வாங்கியவன் நாம், வட்டி கட்டுவது எலி. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

'சும்மா விடுங்க, இயற்கை பார்த்துக்கும்' என்று ஒரு நண்பர் சொன்னார். எலியை இறக்கிவிட்டது இயற்கையா சார்? சும்மா இருந்தால் பறவையைக் கொல்வதும் நாம்தான், கையில் ரத்தம் படாமல்.

மரியனுக்கு இருபது கி.மீ. தூரத்தில் அந்தப் பக்கத்துத் தீவு, பிரின்ஸ் எட்வர்ட். அங்கே எலி ஏறவே இல்லை. ஆய்வாளர்களைக்கூட எப்போதாவது ஒருமுறை, சில நாளுக்குத்தான் விடுகிறார்கள். மற்ற நாட்களில் ஆல்பட்ராஸ் அங்கே பாட்டுக்கு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, ராத்திரியிலும்.